சிகரெட் துண்டு சிக்குகிறது, நாய் மலம் தப்பிக்கிறது: இங்கிலாந்து கவுன்சில்களின் தெருச் சுத்தக் கணக்கு

டிசம்பரில் இங்கிலாந்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். காலை எட்டு மணிக்குத்தான் விடியும். வேலைக்குப் போகிறவர்கள் நாயை வெளியே கூட்டிப்போவது இந்த இரண்டு இருட்டில்தான். குப்பை போடுகிறவர்களுக்கு அபராதம் எழுதும் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) ஊழியர்கள் கடைத்தெருவிலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்பதோ பெரும்பாலும் பகலில். நடைபாதையில் கிடக்கும் நாய் மலத்தைப் பற்றி ஆண்டு முழுக்கப் புகார் வந்துகொண்டே இருந்தும், அதற்கு எழுதப்படும் அபராதச் சீட்டுகள் விரல்விட்டு எண்ணும்படி இருப்பது ஏன் என்று கேட்டால், பாதி விடை இந்த நேரக் கணக்கில் இருக்கிறது. மீதி விடை, சட்டம் எப்படிப்பட்ட சாட்சியத்தைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது.

"கவுன்சில் கண்டுகொள்வதே இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். கண்டுகொள்கிற கவுன்சில்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன. அபராதத் தொகையை ஏற்றினால் தெரு சுத்தமாகும் என்ற நம்பிக்கையில் பல ஆண்டுகள் போய்விட்டன. மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்று தெரிந்தவருக்கு 100 பவுண்டும் ஒன்றுதான், 500 பவுண்டும் ஒன்றுதான். எந்தத் தெரு, எந்த நேரம், பக்கத்தில் தொட்டி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடிய கவுன்சில்களில்தான் மாற்றம் தெரிந்திருக்கிறது.

இங்கே விளக்கப்படுவது இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்காட்லாந்துக்கு 2003-ஆம் ஆண்டின் தனி நாய்மலச் சட்டம் உண்டு. வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் சற்று மாறும்.

கீழே போடுவதும் விட்டுப்போவதும்

1954-இல் விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் அமைப்பு போட்ட ஒரு தீர்மானத்திலிருந்து பிறந்தது 'கீப் பிரிட்டன் டைடி' இயக்கம். நான்கே ஆண்டுகளில், 1958-இல், குப்பைக்கென்று ஒரு சட்டம் வந்தது. அப்போது அதிகபட்ச அபராதம் 10 பவுண்ட். இன்று நடைமுறையில் இருப்பது 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் 87-ஆம் பிரிவு, ஒரு பொருளை எறிந்தோ போட்டோ வைத்தோ 'விட்டுச் செல்வதை'க் குற்றமாக்குகிறது. நீதிமன்றத்தில் உறுதியானால் 2,500 பவுண்ட் வரை அபராதம். சிகரெட் துண்டும் மென்று துப்பிய சூயிங்கமும் குப்பைதானா என்று யாரும் வாதாட இடமில்லாதபடி, 2005-இல் வந்த சட்டத் திருத்தம் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்துவிட்டது.

நீதிமன்றம் வரை போகாமல் முடிக்க 88-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. அதுதான் ஃபிக்ஸட் பெனால்ட்டி நோட்டீஸ், அதாவது அபராதச் சீட்டு. இதைப் பலரும் தண்டனை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது, 'இந்தத் தொகையைப் 14 நாளுக்குள் கட்டினால் உங்கள்மேல் வழக்குப் போடமாட்டோம்' என்று கவுன்சில் முன்வைக்கும் ஒரு வாய்ப்பு. கட்டியவர்மீது குற்றப் பதிவு ஏறாது. கட்ட மறுத்தால் கவுன்சில் வழக்குத் தொடுக்க வேண்டும், அதுவும் சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள். தொகையை ஒவ்வொரு கவுன்சிலும் தானே நிர்ணயிக்கலாம்: குறைந்தது 65 பவுண்ட், 2023 ஜூலை முதல் அதிகபட்சம் 500 பவுண்ட். அதற்கு முன் உச்சவரம்பு 150 ஆக இருந்தது. எதையும் நிர்ணயிக்காத கவுன்சிலுக்கு 100 பவுண்ட். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி கொடுக்கலாம், ஆனால் 50 பவுண்டுக்குக் கீழே இறங்கக்கூடாது.

ஒரு சீட்டு எழுதப்படும் ஐந்து நிமிடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் பலமும் பலவீனமும் புரியும். ரயில் நிலைய வாசலில் ஒருவர் கடைசி இழுப்பு இழுத்துவிட்டு, துண்டைச் சுண்டி எறிந்துவிட்டுப் படியேறுகிறார். அனுபவமுள்ள ஊழியர் உடனே பாயமாட்டார். அவர் நாலைந்து எட்டு வைக்கட்டும் என்று காத்திருப்பார். 'விட்டுச் செல்வது' நடந்தால்தான் குற்றம் முழுமையாகும். துண்டு கீழே விழுந்த நொடியிலேயே பிடித்தால், 'எடுக்கத்தான் குனிந்தேன்' என்று அவர் சொல்ல வழி இருக்கிறது. பிறகு உடலில் மாட்டிய கேமரா ஓடுகிறது என்று சொல்லி, தான் யார், என்ன பார்த்தேன் என்பதைச் சொல்வார். போலீஸ் விசாரணையில் சொல்வது போலவே, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது சாட்சியமாகும் என்ற எச்சரிக்கையை வாசிப்பார். பெயர், முகவரி, பிறந்த தேதி வாங்குவார். தரையில் கிடக்கும் துண்டைப் படம் எடுப்பார். குறிப்பேட்டில் நேரம், தான் நின்ற இடம், இருவருக்கும் இடையே இருந்த தூரம், மறைப்பு ஏதும் இருந்ததா, பக்கத்துத் தொட்டி எத்தனை அடியில் என்பதெல்லாம் ஏறும். இவ்வளவும் எதற்கு? வழக்கு நீதிமன்றம் போனால் இது குற்றவியல் வழக்கு. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கவுன்சிலுடையது.

வழக்கு உடைவது பெரும்பாலும் முகவரியில்தான். பெயர் சொல்ல மறுப்பதும் பொய்ப் பெயர் சொல்வதும் தனிக் குற்றங்கள், 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. ஆனால் கவுன்சில் ஊழியருக்கு யாரையும் பிடித்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. குப்பை போட்டவர் நடந்து போய்விட்டால் போலீஸைக் கூப்பிடலாம். ஒரு சிகரெட் துண்டுக்குப் போலீஸ் வருமா என்பது வேறு கேள்வி. தபாலில் போன நினைவூட்டல் 'இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வந்ததும் கோப்பு மூடப்படும். இன்னொரு பிழை ஊழியர் பக்கத்தில் நடப்பது. பையிலிருந்து கைபேசியை எடுக்கும்போது ரசீது ஒன்று தவறி விழுகிறது. அதற்குச் சீட்டு எழுதக்கூடாது என்று அரசு வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கூப்பிட்டுச் சொன்னால் எடுத்துக்கொள்வார். அப்படியும் எழுதப்பட்ட சீட்டுகள்தான் கவுன்சிலின் மானத்தைப் பத்திரிகைகளில் வாங்குகின்றன.

பல கவுன்சில்கள் இந்த வேலையைத் தனியார் நிறுவனங்களுக்கு விட்டிருக்கின்றன. கவுன்சிலுக்குச் செலவில்லை, வசூலாகும் அபராதத்தில் நிறுவனத்துக்குப் பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது, விளைவு வேறு. சீட்டின் எண்ணிக்கையில் வருமானம் தொங்கும்போது, ஊழியர் எங்கே நிற்பார்? ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் புகைக்கும் அலுவலக வாசலில் நிற்பார். ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒருவர் மாட்டாத குடியிருப்புத் தெருவின் புல்வெளியில் நிற்கமாட்டார். ஊழியரின் சம்பளத்தைச் சீட்டு எண்ணிக்கையோடு முடிச்சுப் போடக்கூடாது என்று அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் குப்பை அபராத வருமானத்தைத் துப்புரவுக்கும் அதே அமலாக்கத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்றும் விதி வந்தாயிற்று. நல்ல விதி. ஆனால் ஆளை எங்கே நிறுத்துவது என்பதை அது மாற்றவில்லை. நாடு முழுக்க எழுதப்படும் குப்பைச் சீட்டுகளில் பெரும்பங்கு இன்றும் சிகரெட் துண்டுக்குத்தான். நாய் மலத்துக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுகூட எழுதாத கவுன்சில்கள் உண்டு.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். வெற்றிலை பாக்குப் போட்டுத் துப்புவது, வெறுமனே எச்சில் துப்புவது இரண்டையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சி லண்டனிலேயே நடந்திருக்கிறது. 2013-இல் வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சில், தெருவில் துப்பிய இரண்டு பேர்மீது இதே 87-ஆம் பிரிவில் வழக்குப் போட்டு வென்றது. அதே ஆண்டில் என்ஃபீல்ட் கவுன்சில் துப்புவதற்கென்றே துணைவிதி கொண்டுவந்தது. வெற்றிலைக் கறை கல்லில் ஊறிவிட்டால் சும்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. சூடான நீரை அழுத்தத்தில் அடிக்க வேண்டும். சூயிங்கத்துக்கும் அதே பாடு. அந்தச் செலவில் ஒரு பங்கைத் தயாரிப்பாளர்கள் ஏற்கட்டும் என்று 2021-இல் அமைக்கப்பட்ட பணிக்குழுவுக்கு மார்ஸ் ரிக்லியும் பெர்ஃபெட்டியும் ஐந்து ஆண்டுகளில் 1 கோடி பவுண்ட் வரை தர ஒப்புக்கொண்டன.

நாய்க்கென்று தனிச் சட்டம் போய், இடத்துக்கென்று உத்தரவு வந்த கதை

1996-இல் நாய் மலத்துக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. கவுன்சில் குறித்துக்கொடுத்த நிலங்களில் மட்டும் அது செல்லும். விவசாய நிலம், காடு, வேகமான சாலைகளின் ஓரம் எல்லாம் அதில் வராது. 2005-இல் அதற்குப் பதிலாக நாய்க் கட்டுப்பாட்டு உத்தரவுகள் வந்தன. அவற்றையும் 2014-ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டம் விழுங்கியது. இன்று கவுன்சில் கையில் இருப்பது பொது இடப் பாதுகாப்பு உத்தரவு, சுருக்கமாகப் பி.எஸ்.பி.ஓ.

இந்த உத்தரவை நினைத்தவுடன் போட்டுவிட முடியாது. அந்தச் செயல் அங்கே வாழ்கிறவர்களின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கிறது, தொடர்ந்து நடக்கிறது, நியாயமற்றது என்று காட்ட வேண்டும். காவல்துறையையும் வட்டாரப் பிரதிநிதிகளையும் கலந்தாலோசிக்க வேண்டும். வரைபடம் இணைக்க வேண்டும். உத்தரவு செல்லும் இடத்தில் பலகை வைக்க வேண்டும். அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்குள் நீட்டிக்காவிட்டால் காலாவதி. போட்ட ஆறு வாரத்துக்குள் அந்தப் பகுதிக்காரர் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். கவுன்சில்கள் சறுக்குவது பலகையிலும் தேதியிலும். பூங்காவுக்கு நான்கு வாசல் இருக்க, இரண்டில் மட்டும் பலகை வைத்திருப்பார்கள். மூன்று ஆண்டு முடிந்ததைக் கவனிக்காமல் பழைய உத்தரவின்பேரில் சீட்டு எழுதியிருப்பார்கள். முன்னது சீட்டை எதிர்க்க இடம் தரும், பின்னது சீட்டைச் செல்லாததாக்கிவிடும்.

உத்தரவின் வாசகத்தில் இரண்டு வரிகள் முக்கியம். 'நாய் மலம் கழித்ததை நான் பார்க்கவில்லை' என்பதும் 'கையில் பை இல்லை' என்பதும் சாக்கு ஆகாது என்பது முதல் வரி. 1996 முதலே இதன் சாரம் சட்டத்தில் இருக்கிறது; நாயை அவிழ்த்துவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. அந்த இடத்திலுள்ள குப்பைத் தொட்டியில் போட்டால் அகற்றியதாகக் கொள்ளப்படும் என்பது இரண்டாவது வரி. வழிகாட்டி நாய் வைத்திருக்கும் பார்வையற்றவர்களுக்கும், குனிந்து எடுக்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கும் பொதுவாக விலக்கு உண்டு.

இந்த உத்தரவை மீறினால் நீதிமன்றத்தில் 1,000 பவுண்ட் வரை அபராதம்.

சாட்சியச் சிக்கலைச் சுற்றிப் போக ஒரு வழியை 2015 இறுதியில் டாவென்ட்ரி கவுன்சில் கண்டுபிடித்தது. நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள அந்தக் கவுன்சில் தன் உத்தரவில் ஒரு விதியைச் சேர்த்தது: நாயோடு வெளியே வருகிறவர், கேட்டால் எடுத்துக் காட்ட, கையில் பை வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 100 பவுண்ட் சீட்டு. இதன் கூர்மை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாய் மலம் கழித்துவிட்டுப் போகும் அந்த அரை நிமிடத்தை ஊழியர் கண்ணால் பார்த்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. நாயும் ஆளும் தெருவில் இருக்கும் ஒரு மணி நேரமும் சோதனை நேரமாகிவிட்டது. பின்னர் பல கவுன்சில்கள் இதைப் பின்பற்றின. குறை இல்லாமல் இல்லை. நாய் இரண்டு முறை கழித்து, கொண்டுவந்த இரண்டு பையும் தீர்ந்து, ஒழுங்காகத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறவரும் 'கையில் பை இல்லாதவர்' ஆகிவிடுகிறார். அவரிடம் பேசிப் புரிந்துகொள்ளும் ஊழியர் இருந்தால்தான் இந்த விதி நிலைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம். கவுன்சில் அவரிடம் கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்கும். எதிராளி மறுத்தால் அவர் நீதிமன்றத்தில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். தினமும் எதிரெதிரே பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரருக்கு எதிராகக் கையெழுத்துப் போட எத்தனை பேர் முன்வருவார்கள்? புகார் பத்து வந்தால் பத்திலும் 'என் பெயர் வெளியே வரக்கூடாது' என்ற வரி இருக்கும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பெயர் இல்லாத புகாரை வைத்துச் சீட்டு எழுத முடியாது. அதை வைத்து ரோந்துத் திட்டம் போடலாம், அவ்வளவுதான். அதனால் புகாரில் எதை எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது. 'எங்கள் தெரு முழுக்க நாய் அசிங்கம்' என்று எழுதினால் துடைப்பம் ஒரு முறை வரும், அதோடு சரி. 'செவ்வாய், வியாழன் காலை ஆறே காலிலிருந்து ஆறரைக்குள், பள்ளிக்கூடப் பின்வாசல் பக்கத்திலிருந்து வருவார், பழுப்பு லாப்ரடார், கயிறு கட்டியிருக்கமாட்டார், 14-ஆம் எண் வீட்டு எதிரே உள்ள புல்லில் நாய் மலம் கழிக்கும்' என்று எழுதினால் ஊழியர் ஒருவரை ஆறு மணிக்கு அங்கே நிறுத்தலாம். எந்த வீட்டுக்குள் போகிறார் என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

மண்ணில் மிஞ்சுவது

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், மழை பெய்தால் கரைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கரைவது கண்ணுக்குத் தெரிவது மட்டும். நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுகின்றன. புதிதாக விழுந்த முட்டை தொற்றாது. இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பார்வைக்குச் சுத்தமாகிவிட்ட புல்தரைதான் ஆபத்து முற்றிய புல்தரை. மண்ணில் விளையாடி, கையை வாயில் வைக்கும் சிறு பிள்ளைகளின் உடலுக்குள் அந்த முட்டை போனால், வெளிவரும் புழுக்குஞ்சு உறுப்புகளுக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குப் போய்ப் பார்வையைக் கெடுப்பதும் உண்டு. குட்டிநாய்களிடம் இந்தப் புழு அதிகம். நாய்க்கு ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுப்பது, அன்றே மலத்தை எடுத்துவிடுவது, பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் பகுதிக்கு வேலி போட்டு நாயைத் தடுப்பது: மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. அந்த வேலிக்கும் பி.எஸ்.பி.ஓ.தான் சட்ட பலம்.

மேய்ச்சல் நிலத்தில் வேறு கேடு. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாய் மலம் வழியாகப் பசுவுக்குப் போய்க் கருச்சிதைவை உண்டாக்கும். இயற்கைக் காப்பகங்களிலோ சிக்கல் உரமாக வருகிறது. பெல்ஜியத்தின் கென்ட் நகரை ஒட்டிய நான்கு காப்பகங்களில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, நாய்களின் மலமும் சிறுநீரும் சேர்ந்து ஓர் ஆண்டில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரஸும் சேர்ப்பதாகக் கணக்கிட்டது. சத்துக் குறைந்த மண்ணில் மட்டுமே பிழைக்கும் காட்டுப்பூக்களை இந்த உரம் மெல்லக் கொன்றுவிடும். 'காட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள், இயற்கைதானே' என்பது தவறாகிப்போவது இங்கேதான்.

ஆள் நிற்காத நேரத்துக்கு என்ன செய்வது

நல்ல கவுன்சில் முதலில் வரைபடத்தைத் திறக்கும். ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் போன்ற தளங்களிலும் கவுன்சிலின் செயலியிலும் வரும் புகார்களை ஆறு மாதத்துக்குப் புள்ளி வைத்துப் பார்த்தால், ஊர் முழுக்க இருப்பதாகத் தோன்றும் தொல்லை சில தெருக்களில் குவிந்திருப்பது தெரியும். பூங்காவுக்குப் போகும் குறுக்குச் சந்து, பள்ளிப் பாதை, விளக்கு எரியாத புல்விளிம்பு. அநேகமாக ஒரு சந்துக்கு இரண்டு மூன்று பேர்தான் காரணம்.

அடுத்து சுண்ணாம்புச் சாயத் தெளிப்பான். கிடக்கும் ஒவ்வொன்றையும் பளிச்சென்ற இளஞ்சிவப்பிலோ மஞ்சளிலோ வட்டமிட்டு, தேதி எழுதி, சில நாள் கழித்து அள்ளுவார்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும், அதற்காகத்தான் செய்கிறார்கள். அந்தத் தெருவில் நாய் வைத்திருப்பவருக்கு 'யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்' என்று தெரிகிறது. அள்ளிய மறுவாரம் எத்தனை புதிதாக வந்தன என்று கவுன்சிலுக்கும் கணக்குக் கிடைக்கிறது. தெளித்துவிட்டு ஒரு மாதம் அள்ளாமல் விட்டுவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். கவுன்சிலே இதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் மக்கள் படித்துக்கொள்வார்கள்.

இருட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒரு முயற்சி 'உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்ற கீப் பிரிட்டன் டைடியின் சுவரொட்டி. பெரிய இரண்டு கண்கள். பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் ஒளிரும் மையால் அச்சிட்டவை. முதல் சோதனையில், ஒட்டிய இடங்களில் நாய் மலம் பாதிக்குச் சற்றே குறைவான அளவு குறைந்ததாக அந்த அமைப்பு அறிவித்தது. இதன் வேர் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வுகளில் இருக்கிறது. கண் படம் வைத்தால் மக்கள் நேர்மையாக நடக்கிறார்களா என்று 2006 முதலே அங்கே சோதித்தார்கள். சைக்கிள் திருட்டை வைத்து 2012-இல் வெளியான சோதனையில், கண் படம் வைத்த நிறுத்தங்களில் திருட்டு 62% குறைந்தது. ஆனால் படம் வைக்காத இடங்களில் 65% கூடியது. திருடர்கள் திருந்தவில்லை, இடம் மாறினார்கள். நாய் மலத்துக்கும் இந்த எச்சரிக்கை செல்லும். ஒரு சந்தில் ஒட்டிவிட்டு அந்தச் சந்தை மட்டும் எண்ணினால் வெற்றிதான் தெரியும். சுற்றியுள்ள நாலு சந்தையும் எண்ண வேண்டும். நாளடைவில் கண்கள் பழகிவிடும் என்பதால் சுவரொட்டியை நிரந்தரமாக விடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

தொட்டி விஷயத்தில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சிவப்பு நிறத்தில் 'நாய்க் கழிவு மட்டும்' என்று எழுதிய சிறு தொட்டிகளுக்கே பழகிய பலர், சாதாரணத் தொட்டியில் போடக்கூடாது என்று இன்றும் நினைக்கிறார்கள். கட்டிய பையைச் சாதாரணத் தெருத் தொட்டியில் தாராளமாகப் போடலாம். சிவப்புத் தொட்டி சிறியது, சீக்கிரம் நிரம்பும், அதற்கென்று தனி வண்டி வர வேண்டும். அதனால் பல கவுன்சில்கள் அவற்றை எடுத்துவிட்டு, 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் பொதுத் தொட்டியாக வைக்கின்றன. மாற்றம் சரிதான். ஆனால் சிவப்புத் தொட்டியை எடுத்த வாரத்திலேயே 'நாய்க் கழிவும் இதில் போடலாம்' என்ற ஒட்டுப்படத்தைப் புதுத் தொட்டியில் பெரிதாக ஒட்டாவிட்டால், பைகள் மரக்கிளையில் தொங்கத் தொடங்கும். கிளையில் தொங்கும் பை, பையில்லாத மலத்தைவிட மோசமானது. உள்ளே இருப்பது மட்கும், வெளியே இருப்பது மட்காது. 'மட்கும் பை' என்று விற்பவையும் வேலியில் தொங்கிக்கொண்டு மட்கிவிடாது. சட்டப்படி அதுவும் குப்பைதான்.

தொட்டியைப் பூங்காவின் நடுவில் வைப்பதால் பயனில்லை. வாசலிலும், உள்ளே போய் நூறு இருநூறு மீட்டரில் பாதை பிரியும் இடத்திலும் வைக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான நாய்கள் வெளியே வந்த சில நிமிடங்களிலேயே மலம் கழித்துவிடும். நிரம்பி வழியும் தொட்டி இல்லாத தொட்டிக்குச் சமம். வெள்ளிக்கிழமை காலியாக்கிவிட்டு அடுத்து திங்கள் வரும் வண்டி, பூங்காவின் மொத்தக் கூட்டமும் வரும் இரண்டு நாளைத் தவறவிடுகிறது.

மரபணு? நாய்களின் எச்சிலைப் பதிவு செய்து, கிடக்கும் மலத்தோடு ஒப்பிடும் திட்டத்தை 2016-இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங் அண்ட் டாகன்ஹாம் கவுன்சில் சோதித்தது. பதிவு விருப்பத்தின்பேரில்தான். பையை மறக்காமல் எடுத்துவருகிறவர்தான் விரும்பிப் பதிவு செய்வார். விட்டுப்போகிறவர் பதிவே செய்யமாட்டார். பிரான்சின் பெசியே நகரம் 2023-இல் அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் மைக்ரோசிப் கட்டாயம் என்றாலும், சிப் நாயின் தோலுக்குள் இருக்கிறது, மலத்தில் இல்லை. அதை வைத்துத் தெருவில் கிடப்பது யாருடைய நாயினுடையது என்று சொல்ல முடியாது.

காரிலிருந்து எறியும் குப்பைக்கு மட்டும் சட்டம் இந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டது. லண்டனுக்கு வெளியே 2018 ஏப்ரல் முதல், யார் எறிந்தார் என்று தெரியாவிட்டாலும் வண்டியின் பதிவு உரிமையாளரே கட்ட வேண்டும். இது குற்றவியல் வழக்கு அல்ல, சிவில் அபராதம். சந்தேகத்துக்கு இடமற்ற நிரூபணம் வேண்டாம். நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றால் போதும். எண் பலகை தெரியும் கேமராப் பதிவு ஒன்று போதும். 28 நாளுக்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிப்பாகும். நாய்க்கு எண் பலகை இல்லை. அந்த ஒரே வித்தியாசம்தான் இரண்டு குற்றங்களையும் வெவ்வேறு உலகத்தில் வைத்திருக்கிறது.

கவுன்சிலின் கடமையும் நம் கையில் உள்ள பிரிவும்

அபராதம் மக்கள் பக்கம் நீளும் சட்டம். அதே 1990 சட்டத்தின் 89-ஆம் பிரிவு கவுன்சில் பக்கம் நீள்கிறது: தன் பொறுப்பிலுள்ள தெருவையும் நிலத்தையும் குப்பையின்றி வைத்திருப்பது கவுன்சிலின் கடமை. நடைபாதையிலும் பூங்காவிலும் கிடக்கும் நாய் மலமும் இதில் அடங்கும். பெருவழிகளான மோட்டார்வேக்கள் நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனத்தின் பொறுப்பு. மற்றச் சாலைகளைப் பராமரிப்பது கவுண்டி கவுன்சிலாக இருக்கும் ஊரிலும், பெருக்குவது மாவட்டக் கவுன்சில்தான். வேகச் சாலையின் நடுத்திட்டு வாரக்கணக்கில் குப்பையோடு கிடப்பதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம். பெருக்கப் போகிறவர் உயிர் பிழைக்க ஒரு வழித்தடத்தையே மூட வேண்டும். அதற்கு இரண்டு அமைப்புகளும் ஒரே இரவைக் குறிக்க வேண்டும்.

எவ்வளவு சுத்தம் என்பதற்கு அளவுகோல் உண்டு. 2006-இல் வெளியான நடைமுறை விதி நிலத்தை ஏ முதல் டி வரை நான்கு தரமாகப் பிரிக்கிறது. குப்பையே இல்லாதது ஏ, சில சிறு துண்டுகள் மட்டும் உள்ளது பி, பரவலாகக் கிடந்து ஆங்காங்கே சேர்ந்திருப்பது சி, குவிந்து கிடப்பது டி. தரம் இறங்கினால் எவ்வளவு நேரத்தில் மீட்க வேண்டும் என்பது நடமாட்டத்தைப் பொறுத்தது. கூட்டம் மிகுந்த கடைத்தெரு என்றால் அரை நாள், நடுத்தர நடமாட்டம் என்றால் ஒரு நாள், ஆள் அரவம் குறைந்த இடம் என்றால் 14 நாள், வேகச் சாலை போன்ற சிக்கலான இடங்களுக்கு 28 நாள். உங்கள் தெரு எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கவுன்சிலிடம் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடு எது என்பது அதில்தான் தெரியும்.

கெடு தாண்டியும் துடைப்பம் வரவில்லையென்றால் 91-ஆம் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்ட யாரும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கவுன்சில்மீதே முறையிட்டு, குப்பையை அகற்றும் உத்தரவு கேட்கலாம். முறையிடுவதற்குக் குறைந்தது ஐந்து நாள் முன்னதாகக் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: எந்த இடம், என்ன கிடக்கிறது, எந்த நாளிலிருந்து. தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம், ஒரே இடத்தில் நின்று, பின்னணியில் வீட்டு எண்ணோ விளக்குக் கம்பமோ தெரியும்படி. அந்த ஐந்து நாளுக்குள் கவுன்சில் அள்ளிவிட்டால் வழக்குக்கு வேலையில்லை. முறையீடு பதிவான பிறகு, விசாரணைக்கு முந்தைய நாள் அவசரமாக அள்ளினால் மட்டும் கவுன்சில் தப்பிக்க முடியாது. முறையிட்ட நாளில் குப்பை கிடந்ததும், முறையிட நியாயமான காரணம் இருந்ததும் உறுதியானால், முறையிட்டவரின் நியாயமான செலவைக் கவுன்சில் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும்.